அண்ணையின் இறைப்பு முறை

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணையைப் பற்றி அன்று கிணற்றடியில் வந்த பயம் இன்னும் போகவில்லை.

என் வாழைத் தோட்டத்துக்கும் அண்ணையின் தோட்டத்துக்கும் ஒரே கிணறு. முறை வைத்துத்தான் இறைப்போம். அவருடைய முறையில் நான் பத்து நிமிடம் கூட இறைத்தாலும் சண்டைக்கு வருவார்.

அண்ணி செத்து முப்பத்தோராம் நாள் சடங்கில் அவர் விம்மி அழுதார். "பாருங்கோவன், பொம்பிளையளே தோத்துப் போவினம்!" என்று ஒருவர் பகிடி விட்டார். நானும் சிரித்தேன். பிறகு அவர் அழவேயில்லை.

ஒரு பின்னேரம் கிணற்றடிக்கு வந்து, "தம்பி, இனி என்ரை முறையையும் நீயே எடு" என்றார்.

"ஏன் அண்ணை, எங்கையும் போறியளே?"

"ஓம்."

தன் முறைத் தண்ணீரை விட்டுக்கொடுத்த தோட்டக்காரனை நான் கண்டதில்லை. அவர் திரும்பி நடந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணை, சாகப் போறியளே?"

அவர் அழத் தொடங்கினார். நான் கையை விடவில்லை. அன்று அவரைத் தனியே விடவும் இல்லை.

அடுத்த நாள் பஸ்ஸில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு தோட்டத்துக்கும் அன்று இறைக்கவில்லை.