எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு

நான் ஒரு ஆளை ரத்தம் வர அடித்திருக்கிறேன். ஹெல்மெட்டால், மூக்கின் மேல், பட்டப்பகலில், அவருடைய அலுவலகத்திலேயே. அதற்காக இன்றுவரை என்னால் வருத்தப்பட முடியவில்லை. வருத்தமெல்லாம் அதற்கு நான்கு நாள் முன்பு நான் அனுப்பிய ஒரு பட்டியலைப் பற்றித்தான்.

கோபம் எனக்கு வழிவழியாக வந்தது. அப்பா காலம்வரை அவிநாசிப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்ட குடும்பம் நாங்கள். பாகம் பிரிக்க நிலம் இல்லை, கோபம் மட்டும் இருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துவிட்டார்கள். அம்மா ஜெபமாலை சொல்லும்போது என் கைக்கென்று தனியாக ஒரு மன்றாட்டு வைப்பார். மாதா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் நான் செய்யும் தொழில், கம்பெனிகளுக்கு வெப்சைட் அமைத்துக் கொடுப்பது. அந்த வெப்சைட்டுகளையும் அவர்களுடைய மெயில்களையும் ஒரு வாடகை சர்வரில் வைத்துப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். பம்ப், நூல், கிரைண்டர் என்று நாற்பது கம்பெனிகள். பழைய சர்வர் வாரத்துக்கு இரண்டு முறை படுத்துக்கொள்ளும், நாற்பது பேரும் என்னை வறுத்தெடுப்பார்கள். ஒரு நாள் ஆத்திரத்தில் மவுஸைச் சுவரில் அடித்து உடைத்தேன். மறுநாளே புது சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்தேன்.

வெப்சைட்டை மாற்றுவது சுலபம். மெயில்தான் உயிரை எடுக்கும். பழைய மெயில்களை அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிடலாம், ஆனால் பாஸ்வேர்டை அள்ள முடியாது. ஒவ்வொருவருக்கும் புதிதாக வைக்க வேண்டும். இதற்கு எங்களிடம் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு கம்பெனியில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு, மொத்தப் பட்டியலையும் முதலாளியின் வாட்ஸ்அப்புக்குத் தட்டிவிடுவோம். கீழே ஒரு வரி, ‘எல்லாரையும் மாத்திக்கச் சொல்லிருங்க.’ யாரும் மாற்ற மாட்டார்கள். அது எங்களுக்கும் தெரியும்.

சூலூரில் பம்ப் உதிரிப் பாகம் செய்யும் கம்பெனிக்கும் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் செய்தேன். ஐந்து மெயில் பெட்டிகள். ஒன்று முதலாளியுடையது, ஒன்று அவர் மனைவியுடையது. அங்கே ஆர்டர், கொட்டேஷன் எல்லாம் அந்த அம்மாதான் பார்ப்பார். முதலாளி தன் மெயிலைக்கூடத் திறந்து பார்க்காத ஆள். ஏதாவது கோளாறு என்றால் என்னைக் கூப்பிடுவதும் அந்த அம்மாதான். “ஏனுங்க அம்மணி, மெயில் வரமாட்டீங்குதுங்க” என்பார். சர்வர் படுத்த நாளில்கூட என்னைத் திட்டாத ஒரே வாடிக்கையாளர். அன்றைக்கு அவருடைய பெட்டி மட்டும் நகர்வேனா என்று அடம்பிடித்தது. அத்தனை கனம். “என்னத்தைத்தான் இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறாரோ” என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே மாற்றி முடித்தேன். பட்டியல் போனது. முதலாளியிடமிருந்து கைகூப்பிய படம் ஒன்று வந்தது.

செவ்வாய்க்கிழமை, கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் புது சர்வரின் விவரங்களை மாற்றிக் கொடுக்க நேரில் போனேன். அந்த அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. பில் போடும் பெண்ணிடம் கேட்டேன்.

“மேடம் ஆஸ்பத்திரியில இருக்காங்கக்கா. சனிக்கெழம படியில உழுந்துட்டாங்களாமா” என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலாளி தன் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார். வாயைத் திறந்தால் மரியாதை கொட்டும் மனிதர். டீக்கடைக்காரரைக்கூட ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார்.

“உங்களுக்குத்தானுங்க நன்றி சொல்லோணும். நீங்க அந்த லிஸ்ட்டை அனுப்பலீன்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுங்க. சும்மா ஒவ்வொருத்தர் மெயிலாத் தெறந்து பாத்தனுங்க. எங்க ஊட்டுக்காரி பழைய கொட்டேஷன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதுக்குள்ள அத்தனையும் போட்டோவா வெச்சிருக்காளுங்க. முதுகு, கை, கழுத்துன்னு, தேதி வாரியா. ஊட்டு விஷயத்தை இப்படியா சேத்து வெக்கறதுங்க? எல்லாத்தையும் அழிச்சுப்போட்டனுங்க. அவளுக்கும் குடுக்கறதைக் குடுத்துப்போட்டேன்.” அதே மரியாதையோடு, “காப்பி சாப்பிடறீங்களா?” என்று கேட்டார்.

மனைவியின் போனை முதலாளி தினமும் வாங்கிப் பார்ப்பார் என்பதால், ஒவ்வொரு முறை அடிபட்டதும் எடுத்த படங்களை மெயிலுக்கு அனுப்பிவிட்டுப் போனில் அழித்துவிடுவாராம் அந்த அம்மா. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை நான் திட்டிக்கொண்டே தூக்கிச் சுமந்த கனம் அது. பூட்டை உடைத்துத் திறந்து வைத்தவள் நான்.

ஹெல்மெட் கையில்தான் இருந்தது. முதல் அடியில் மூக்கில் ஏதோ நொறுங்கியது காதில் விழுந்தது. இரண்டாவது அடி நெற்றியில் பட்டது. மூன்றாவதற்குள் லேத் பட்டறையிலிருந்து ஓடிவந்த இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மேஜைக் கண்ணாடியெல்லாம் ரத்தம். வாயில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்: “ஏனுங்க, கொஞ்சம் நிதானம் வேண்டாமுங்களா?”

ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வரும்போது மனசு நிறைந்திருந்தது. பொய் சொல்லக் கூடாது, தேர் இழுத்துவிட்டு வந்தவளைப் போல இருந்தேன். அந்தச் சந்தோஷத்தோடுதான் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அந்த அம்மாவின் வலது கையில் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. ஒரு கண் மூடியே இருந்தது. முதலில் பட்டியலைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு அடித்ததைச் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் திறந்திருந்த கண்ணையும் மூடிக்கொண்டார். “உங்களுக்குக் கோவம் தீந்துபோச்சுங்க. அவருக்குத் தீர வேண்டாமுங்களா? அது எங்கிட்டத்தானுங்க தீரும்.”

எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. பிறகு அவரே கேட்டார், “அந்தப் படமெல்லாம் போயே போச்சுங்களா?”

போகவில்லை. சர்வர் மாற்றினால் பழையதை உடனே காலி செய்ய மாட்டேன், ஒரு மாதம் அப்படியே விட்டு வைப்பேன். வெள்ளிக்கிழமை வரை இருந்ததெல்லாம் அங்கே அப்படியே கிடந்தது. மறுநாள் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டுபோய் அவருடைய இடது கையில் வைத்தேன். அவர் வீட்டுக்குத் திரும்பாமல் மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். அங்கிருந்தே புருஷன்மேல் புகார் கொடுத்தார்.

புருஷனும் சும்மா இருக்கவில்லை. என்மேல் புகார் கொடுத்தார். பொய்ப் புகார் இல்லை, மூக்கெலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருந்தது, சாட்சிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். காவல் நிலையத்தில் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். மூக்கில் கட்டோடு அவர் மெதுவாகப் பேசினார்.

“கோர்ட்டு கேசுன்னு எதுக்குங்க அலையோணும்? அம்மணி மேல குடுத்ததை நான் வாபஸ் வாங்கிக்கறனுங்க. எங்க ஊட்டுக்காரியும் அவ குடுத்ததை வாங்கிக்கட்டும். ரெண்டுக்கும் சரியாப் போயிருமுங்க.” பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். “பாவம், உனக்காக வந்த பொண்ணு. ஜெயிலுக்குப் போனா நல்லாவா இருக்கும்?”

நான் அடித்த அடியையே அவர் பேரத்துக்கு வைத்திருந்தார். அந்த அடி இல்லாவிட்டால் அவரிடம் கொடுக்கவும் வாங்கவும் எதுவுமே இருந்திருக்காது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். “நீங்க எனக்காகத்தான் அடிச்சீங்கன்னு தெரியுமுங்க அம்மணி. நான் அடிக்கச் சொல்லலீங்க. உங்களுக்காக நான் இதை வாபஸ் வாங்க மாட்டேனுங்க. நீங்க கோவிச்சுக்கிட்டாலுஞ் செரி.”

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யாருக்காக அடித்தேன், யார் கம்பி எண்ணுவது என்று நெஞ்சு கொதித்தது. மடியில் இருந்த கை தானாக மடங்கியது. அறைய வேண்டும் போல இருந்தது, அந்த அம்மாவை.

“வாபஸ் வாங்காதீங்க” என்றுதான் சொன்னேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள், என் கையைப் பார்த்துவிட்டு, அவர் தன் நாற்காலியை என்னிடமிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.