பாவு மட்டும் ஓடிய போர்டு

சங்கரன்கோவிலில் நான் வைத்திருப்பது ஸ்டிக்கர் கடை. ஆனால் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் 'எழுத்துரு வடிவமைப்பு' என்று சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் நானே ஒரு தமிழ் எழுத்தை வரைந்திருந்தேன். நிற்கிற கோடெல்லாம் தடித்தடியாக இருக்கும், படுக்கிற கோடெல்லாம் தலைமுடி கனம்தான். முனைக்கு முனை கூராக ஒரு சின்ன நீட்டல். ஸ்கிரீனில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ரசித்தே தினமும் டீயை ஆறவிட்டேன்.

பெரிதாக்கினால்தான் அழகு என்பது அப்போதே மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

மனைவியின் அண்ணன் தறிகளை விட்டுவிட்டு, கரிவலம்வந்தநல்லூருக்கு ஒரு மினிபஸ் விட்டார். அதுதான் அவருடைய முதல் பஸ். அதே வழியில் அதே நிறத்தில் இன்னொரு மினிபஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தூரத்திலேயே போர்டைப் படித்துச் சனம் கை நீட்டினால்தான் இவர் பிழைக்க முடியும். அந்தப் போர்டை என்னை நம்பிக் கொடுத்தார். நானோ அவ்வளவு நீள ஊர்ப் பெயரை என் எழுத்தில் இரண்டடிப் பலகைக்குள் அமுக்கினேன். ஆசை அடங்காமல் பஸ்ஸின் பின்பக்கம் முழுக்க 'நன்றி' என்றும் ஒட்டிவிட்டேன்.

ஒரு வாரத்தில் மச்சான் கடைக்கு வந்தார். பஸ் பக்கத்தில் வந்த பிறகுதான் ஊர்ப் பெயரே தெரிகிறதாம், ஆள் ஏறுவதில்லையாம். தறிக்காரர் கண்ணுக்குக் குறை பளிச்சென்று தெரிந்துவிட்டது.

"மாப்ள, நெட்டுக்குப் பாவு மட்டும் ஓடியிருக்கு. குறுக்க ஊடையக் காணுமே."

தறியில் நெட்டாக ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடும் நூல் ஊடை; படுக்கிற கோடு கண்ணுக்கே தெரியவில்லை என்கிறார். நான் ஒத்துக்கொள்வேனா? சனங்களின் கண்தான் பழக வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். தங்கை வீட்டுக்காரன் என்பதால் மனுஷன் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரிவலத்தில் ஒரு வளைகாப்பு. அண்ணன் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று மனைவி இரண்டு டவுன் பஸ்களை விட்டுவிட்டாள். தூரத்தில் ஒரு மினிபஸ் வந்தது.

"நீங்கதான போர்டு எழுதுனிய, அண்ணன் பஸ்ஸான்னு பாத்துச் சொல்லுங்க."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வரிசையாக நட்டுவைத்த குச்சிகள் தெரிந்தன. என் எழுத்து எனக்கே தெரியாமல் போகுமா, அந்த இன்னொரு பஸ்தான் என்று அடித்துச் சொன்னேன். நாங்கள் கை நீட்டவில்லை, டிரைவரும் நிறுத்தவில்லை. எங்களைத் தாண்டிய பஸ்ஸின் முதுகில் பெரிதாக எழுதியிருந்தது: நன்றி.

உள்ளபடியே அழகாகத்தான் இருந்தது. சின்னச் சொல், பெரிய இடம். முடி கனக் கோடுகூட விரல் கனத்துக்கு வளர்ந்திருந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் மணமக்கள் பெயர், கடை முகப்பில் ஒற்றைச் சொல், அதற்கு மேல் அந்த எழுத்துக்குச் சுமை ஏற்றக் கூடாது. இந்த ஞானம் வந்தபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மனைவி அண்ணனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"மச்சான்," என்றேன், "நாளைக்கே ஊடையப் போட்டுருதேன்."