இடப்பக்க முன் சில்லு

இந்த ஊரில் காரை சர்வீசுக்கு விட்டு எடுத்தால் மறுநாள் காலை ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு மார்க் கேட்பாள். "மேடம், எங்க சர்வீஸுக்கு பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?" யோசித்து எட்டு என்று சொன்னால் அவளுடைய குரல் இறங்கிவிடும். "பத்து குடுங்க மேடம். ஒன்பது குடுத்தாக்கூட எங்களதான் கேள்வி கேப்பாங்க." வேலை செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, மார்க் கேட்பவள் என் காரைப் பார்த்ததே இல்லை. வந்த புதிதில் இது பெரிய விநோதமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. போன ஆனி மாதத்திலும் அப்படித்தான், தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே பத்து என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அதற்கு நாலாம் நாள் காரின் முன் சில்லு கழன்று விழுந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கடைசி வசனம் உடனே விளங்கியிருக்கும். நான் இருக்கிற ஆவடிப் பக்கத்தில் விளங்காது. இங்கே சில்லு என்றால் உடைந்த துண்டு. கண்ணாடிச் சில்லு, ஓட்டுச் சில்லு. நாங்கள் சில்லு என்று சொல்வதை இவர்கள் சக்கரம் என்று எழுதுவார்கள், வீல் என்று சொல்வார்கள். ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போனவர்கள் மொழி வேறு என்று தெரிந்தே போனீர்கள். நான் தமிழிலிருந்து தமிழுக்கு வந்தவள். அதனால் எனக்கு யாரும் எச்சரிக்கை சொல்லவில்லை.

என் கணவர் செந்தில் சிவகங்கைக்காரர். கட்டாரில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தபோது பழக்கம். கலியாணம் முடித்து பன்னிரண்டு வருடமாக பருத்திப்பட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகள் அபிக்கு ஏழு வயது. அவளும் அவரும் இந்தியர்கள். நான் விசா புதுப்பித்துப் புதுப்பித்து இருப்பவள். அந்த நேரம் செந்தில் அலுவலக வேலையாக மூன்று மாதத்துக்கு ஜெர்மனி போயிருந்தார். காரை நான்தான் ஓட்டினேன், பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் இடையில் இருக்கிற டீலரிடம் சர்வீசுக்கு விட்டவளும் நான்தான். பில்லில் ஓயில் மாற்றியது, பிரேக் சுத்தம் செய்தது எல்லாம் இருந்தது. முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் பூட்டியதும் இருந்தது.

எடுத்து வந்த இரண்டாம் நாளே எனக்கு ஒரு சத்தம் கேட்டது. இடது பக்கம், முன்னுக்கு, டக்கு டக்கென்று. மெதுவாகப் போனால் கேட்கும், வேகம் பிடித்தால் மறையும். என் அப்பா ஊரில் வாடகைக் கார் ஓட்டியவர். பழைய ஏ-40, எங்கள் வாயில் ஏ போட்டி. பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது, இருமி இருமித்தான் புறப்படும். அந்த இருமலுக்குள்ளேயே எது வழக்கமான இருமல், எது நோய் வருத்தம் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆட்கள் நிறைய இருந்தாலும் நடுறோட்டில் நிறுத்தி, "எல்லாரும் ஒருக்கா வாயை மூடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் காது கொடுப்பார். கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் பட்டுச் சேலையோடு வியர்த்துக்கொண்டு இருப்பார்கள். நான் வெட்கத்தில் சீற்றுக்கடியில் குனிந்துகொள்வேன். அந்தக் காது எனக்கும் வந்திருக்கிறது போல. ரேடியோவை நிறுத்தி, அபியையும் பேச வேண்டாம் என்று சொல்லி, பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இருந்தது.

டீலருக்கு போன் செய்தேன். அதற்குச் சற்று முன்புவரை ஊரில் இருக்கிற தம்பியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவனோடு கதைத்தால் நாக்கு பழைய இடத்துக்குப் போய்விடும், திரும்பி வர கொஞ்ச நேரம் எடுக்கும். என்னுடைய காருக்குப் பொறுப்பான தினேஷ் என்ற சர்வீஸ் அட்வைசர் எடுத்தார்.

"முன்னுக்கு இடப்பக்கச் சில்லிலை ஒரு பிழை இருக்குது. ஓடேக்கை டக்கு டக்கெண்டு சத்தம் வருது."

"முன்னாடி சில்லா மேடம்? பெருசா இருக்கா?"

"பெரிசில்லை. ஆனா கேக்குது."

"அப்ப பயப்படாதீங்க. ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது. அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க, இன்சூரன்ஸ்லயே பாத்துடலாம்."

சத்தத்துக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று யோசித்தேன். கேட்கவில்லை. விளங்காததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் இங்கே ஒரு நாளும் நகராது. ஒண்ணும் ஆகாது என்று சொன்னது மட்டும் நன்றாக விளங்கியது, அதை நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து அபியைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது, பூந்தமல்லி ஆவடி சாலையில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். ஸ்டியரிங் கையை உதறியது. கார் இடது பக்கம் சரிந்து, இரும்பு தார் றோட்டில் இழுபடும் ஓசையோடு நின்றது. ஒரு டயர் தனியாக உருண்டு போய் இளநீர் வண்டிக்காரரின் குவியலில் மோதி விழுந்தது. அது என்னுடையது என்று புரியச் சில வினாடிகள் எடுத்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஒலி எழுப்பிக்கொண்டு எங்களைத் தொடாமல் விலகிப் போனது. அபி அழவில்லை. "அம்மா, கார் உக்காந்துடுச்சு" என்றாள்.

ஒரு ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே போட்டு மற்ற வாகனங்களை மறித்தார். "யக்கா, மொதல்ல எறங்குக்கா. பாப்பாவ தூக்கிக்கோ, அந்தாண்ட போய் நில்லு." பிறகு குனிந்து பார்த்தார். "இன்னாக்கா இது, நாலு நட்டுல ஒண்ணுகூட இல்ல? எவன் மாட்டுனான் இத?" அவர்தான் படம் எடுக்கச் சொன்னார், அவர்தான் இழுவை வண்டிக்கு போன் செய்யச் சொன்னார். வாடகை கேட்காமல் எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அவருடைய பெயரைக் கேட்க மறந்தது இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் டீலரிடம் போனேன். கண்ணாடி அறை, குளிர், பூச்சாடி. சர்வீஸ் மேலாளர் மரியாதையாகத்தான் தொடங்கினார். "வெளியில எங்கயாவது பஞ்சர் போட்டீங்களா மேடம்?" இல்லை என்றேன். "வீட்டாண்ட யாராவது கழட்டியிருப்பாங்களா?" இல்லை. சர்வீஸ் முடிந்து போகும்போதே நட்டுகள் இறுக்கப்படவில்லை, சத்தம் வருகிறது என்று நானே போனில் சொன்னேன் என்றேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். என் புகார் என்று அதில் பதிவாகியிருந்தது, முன் கண்ணாடியில் சில்லு.

"நான் கண்ணாடி எண்டு சொல்லவே இல்லை" என்றேன்.

வருகிற அழைப்புகளை எல்லாம் அவர்கள் பதிவு செய்து வைப்பார்களாம். தினேஷ் அதைப் போட்டுக் காட்டினார். அந்தக் குளிர் அறையில் என் குரலை நானே கேட்டேன். தம்பியோடு கதைக்கிற குரல். சில்லு என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். அப்போதுதான் எங்கே பிழை வந்தது என்று எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் சில்லு என்றால் வீல் என்று விளக்கினேன்.

"நீங்க கேரளாவா?" என்று மேலாளர் கேட்டார். பன்னிரண்டு வருடமாக எல்லோரும் கேட்கிற கேள்வி. இலங்கை என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஓ, சிலோன். அப்ப புரியற மாதிரி சொல்லியிருக்கணுமே மேடம். எங்க பையன் என்ன பண்ணுவான்? ஆர்சி உங்க பேர்ல இருக்கா?"

"கணவர் பேரிலை."

"நீங்க வேணும்னா போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கலாம். ஆனா நீங்க ஃபாரினர். விசா அது இதுன்னு கேப்பாங்க. எதுக்கு உங்களுக்கு அலைச்சல்? இன்சூரன்ஸ்ல போட்டு முடிச்சுடலாம்."

மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று கைகட்டி நின்றது. சின்ன வயதில் சோதனைச் சாவடிகளில் பழகிய நிலை அது. கேட்டதற்கு மட்டும் பதில், முகத்தைப் பார்க்காதே, அடையாள அட்டையை முதலே எடுத்து வைத்துக்கொள். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, கைப்பைக்குள் விரல்கள் என் பாஸ்போட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

இன்சூரன்ஸ் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். எப்படி நடந்தது என்ற இடத்தில் ஓட்டியவரின் கவனக்குறைவு என்று அவர்களே நிரப்பியிருந்தார்கள். கையெழுத்து மட்டும் மிச்சம். செந்தில் வீடியோவில், "போட்டுட்டு விடேன். அபிக்கு ஒண்ணும் ஆகலல்ல? அது போதும்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அபிக்கு ஒன்றும் ஆகாததற்கு அந்தத் தண்ணீர் லாரிக்காரரின் கைதான் காரணம். அதை நினைத்து நினைத்து இரண்டு நாள் வீட்டில் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். பாதி எழுதிய மின்னஞ்சலை அழித்தேன். நான் கவனித்தேன், கேட்டேன், சொன்னேன். என் பிள்ளை பின்னால் இருக்க நான் கவனமில்லாமல் ஓட்டினேன் என்று எப்படிக் கையெழுத்து வைப்பது? அடுத்த விசா நேரத்தில் இது எங்காவது ஒரு தாளில் வந்து நிற்குமோ என்றும் பயமாக இருந்தது. இரண்டு பயமும் மாறி மாறி வந்தன.

மூன்றாம் நாள் கையெழுத்து வைக்காத படிவத்தோடு மறுபடி போனேன். பதிவை இன்னொரு முறை போடச் சொன்னேன். "சில்லை விடுங்க. அது உங்களுக்குப் புரியல, சரி. அடுத்த வரியைக் கேளுங்க" என்றேன். ஓடேக்கை டக்கு டக்கெண்டு சத்தம் வருது. "சத்தம்னா உங்க தமிழ்லயும் சத்தம்தானே? கண்ணாடியில விழுந்த சில்லு, கார் ஓடும்போது டக்கு டக்குன்னு சத்தம் போடுமா?"

தினேஷ் மேசையைப் பார்த்தார். மேலாளர் என் காரில் வேலை செய்த மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார். அவர் மறுப்பார், அத்தோடு கதை முடியும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். வந்தவர் குமார், திருமழிசைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஓயில் கையைத் துணியில் துடைத்தபடி வாசலிலேயே நின்றார்.

"குமார், இந்த வண்டியில வீல் நட்டெல்லாம் டைட் பண்ணிதான குடுத்த?"

அவர் மேலாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "பாப்பா இருந்துச்சா மேடம் வண்டில?"

"இருந்தவ" என்றேன்.

"இல்ல சார்" என்றார் குமார். "நாலையும் கையால முறுக்கி வுட்டேன். ஸ்பேனர் போடறதுக்குள்ள டெலிவரி வண்டி ஒண்ணு நிக்குதுன்னு கூப்ட்டாங்க. அப்டியே போய்ட்டேன், இத மறந்துட்டேன். எம்மேலதான் தப்பு." பிறகு என்னிடம், "மன்னிச்சிரு மேடம். மூணு நாளா தூக்கமே இல்ல. கேட்டா சொல்லலாம்னு கீறேன், யாரும் கேக்கல" என்றார்.

நான் கேட்டுப் போன மன்னிப்பு அதுதான். வரவேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. அந்த அறையில் இழப்பதற்கு அதிகம் இருந்த மனிதரிடமிருந்து வந்தது.

மேலாளரின் குரல் உடனே மாறியது. "எல்லாம் நாங்களே சரி பண்ணித் தரோம் மேடம். இவன நாளைலேந்து நிறுத்திடறோம். திருப்திதானே?" பூரண திருப்தி என்று ஒரு கடிதத்தையும் நீட்டினார்.

"அதை நான் கேக்கேல்லை" என்றேன். இந்த முறை நாக்கு தானாகப் பழைய இடத்துக்குப் போனது, நானும் திருத்தவில்லை. கடிதத்தில் அந்த இரண்டு சொல்லையும் வெட்டினேன். பூட்டியவர் தானாகவே உண்மையைச் சொன்னார், அவரை வேலையிலிருந்து எடுத்தால் என் புகார் அப்படியே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மேலாளர் இரண்டு முறை வாசித்தார். புரியவில்லை என்று இந்த முறை சொல்லவில்லை.

கார் திரும்ப இரண்டு கிழமை எடுத்தது. எடுக்கப் போனபோது குமார் கார் கழுவுகிற பக்கத்தில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். தண்டனையாக ஒரு மாதத்துக்கு அங்கே போட்டிருக்கிறார்களாம். நான் எழுதிய கடிதம் அவ்வளவுக்குத்தான் செல்லுபடியானது. என்னைக் கண்டதும் வந்து, வேறொருவரிடம் நீண்ட ஸ்பேனரை வாங்கி, ஒவ்வொரு நட்டாக இறுக்கிக் காட்டினார். அளவுக்கு இறுகியதும் அது டிக் என்று சொல்லும். பதினாறு நட்டு, பதினாறு டிக். "இன்னா மேடம், உங்க ஊர்ல வீலுக்கு சில்லுன்னா, சில்லு போட்டு நொண்டி ஆடறதுக்கு இன்னான்னு சொல்வீங்க?" என்று கேட்டார். எட்டுக்கோடு என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான், அவருடைய சம்பளம் குறைந்ததா என்று கேட்காமல் வந்தது நினைவில் தைத்தது.

மறுநாள் அபியைப் பின்னால் வைத்துக்கொண்டு, ரேடியோ போடாமல் ஆவடிப் பக்கம் போனேன். ஒரு சந்தியில் எல்லா வாகனங்களையும் நிறுத்தியிருந்தார்கள். தொழிற்சாலைப் பக்கமிருந்து நீண்ட டிரெய்லர் ஒன்று மெதுவாக வந்தது. அதன் மேல் தார்ப்பாய் போர்த்திய டாங்கி, குழல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அபி கண்ணாடியை இறக்கி வெளியே எட்டினாள். "அம்மா, நம்ம டாங்க்! நம்ம ஊர்ல செஞ்சது! எங்க கிளாஸ் மித்ராவோட அப்பாதான் பெயின்ட் அடிப்பாராம்!" என்று கத்திக் கையசைத்தாள். டிரெய்லரில் உட்கார்ந்திருந்த சிப்பாய் சிரித்துக் கையசைத்தார்.

இந்திய இராணுவம் ஊருக்கு வந்த நேரம், எனக்கு ஐந்து வயதில், எங்கள் ஒழுங்கையால் இப்படி ஒரு டாங்கி போனது, இரண்டு பக்க வேலியையும் சாய்த்துக்கொண்டு. அம்மா எங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளி வாயைப் பொத்தினாள். அது இந்த ஆவடியில் செய்ததாக இருக்குமோ என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. செந்திலிடம்கூட.

"நீயும் கை காட்டும்மா" என்றாள் அபி.

ஒரு கை ஸ்டியரிங்கில் இறுகியிருந்தது. மற்றக் கையைத் தூக்கினேன். அது கதவுக் கண்ணாடியின் உயரம்வரை வந்து, அதற்கு மேல் போகாமல் நின்றது. அந்தச் சிப்பாய் அதைப் பார்த்து இன்னொரு முறை கையசைத்தார்.