சந்துக்குள் போகும் டிராக்டர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே நான் ஒரு மினி டிராக்டர் வாங்கினேன். முன்னால் மண் அள்ளும் தொட்டி, பின்னால் தோண்டுவதற்கு மடங்கி நீளும் பொக்லைன் கை. பழைய வண்டிதான். மீன் வளர்க்கும் ஒருவர் தன் குளங்களையெல்லாம் வெட்டி முடித்த பிறகு விற்றார்.

பவானிபூரில் எங்கள் பலசரக்குக் கடை வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்பளக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கணவர் வெளியே வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கல்கத்தாவுல நமக்கு எங்க இருக்கு வயலு?"

"வயலுக்கு இல்லீங்க. சந்துக்கு. பெரிய வண்டி நுழைய முடியாத சந்து இங்க எத்தனை இருக்கு."

அவர் உள்ளே போய் அப்பளக் கட்டுகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஹவுராவில் ஒரு ரயில்வே பட்டறையில் நான் கிரேன் ஓட்டியதையே அவர் பழகிக்கொள்ளச் சில வருடங்கள் ஆயின. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் எனக்குக் கிடைத்த வேலை அது. முதலில் அலுவலகத்தில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பட்டறைக்குள் போனபோது அண்ணாந்து பார்த்தேன். கூரைக்கு அடியில் நகரும் கிரேன் கூண்டில் ஒருவர் தனியாக உட்கார்ந்து, ஒரு ரயில் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார். அந்த வாரமே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பயிற்சியில் தேறினேன். அதன்பின் ஓய்வு பெறும் வரை அந்தக் கூண்டுதான் என் இடம். வீட்டுக்கு வந்த பிறகு என் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சோறு வடிக்கும்போதுகூட அவை லிவரைத் தேடின.

காளிகாட்டில் கால்வாய் ஓரம் ஒரு மரக்கடையின் பின்புறம் வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. அங்கேயே பழகினேன். கிரேனில் சுமை கீழே தொங்கும், நான் மேலே இருப்பேன். இங்கே மண் பிடித்து இழுத்தது, வண்டி மொத்தமும் என்னோடு ஆடியது. முதல் நாள் பொக்லைன் கையை வேகமாகத் திருப்பி மரக்கடைக்காரரின் தகரக் கதவை நெளித்தேன். அவர் நல்ல மனிதர், சுத்தியலை எடுத்துக் கொடுத்து என்னையே நிமிர்த்தச் சொன்னார். மூன்று வாரம் ஒரே குழியைத் தோண்டி, மூடி, மறுபடி தோண்டினேன். கடைசியில், டீ குடித்துவிட்டு வைத்த மண் குவளையைப் பொக்லைன் கை நுனியிலுள்ள பக்கெட்டின் பல்லால் உடையாமல் நகர்த்த முடிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சில்லறை வேலைகள் வந்தன. ஒரு வீட்டுக் கொல்லையில் குப்பைமேடு, ஒரு பள்ளிக்கூடத்தில் மரம் நடக் குழிகள். அதற்குள் துர்கா பூஜை நெருங்கிவிட்டது.

காளிகாட்டில் ஒரு சந்து. பூஜைக்கு இன்னும் ஆறு நாள். தரைக்கடியில் ஓடும் பழைய செங்கல் சாக்கடையின் மேல்மூடி இடிந்து உள்ளே விழுந்து, மழைத்தண்ணீரும் கழிவும் வீடுகளுக்குள் புகுந்துவிட்டன. பெரிய பொக்லைன் சந்து முனையிலேயே நின்றுவிட்டது. கூலியாட்கள் ஆறு பேர் சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தடுத்து, இரண்டு நாளாக மண்வெட்டியால் தோண்டி, இடுப்பளவு ஆழத்தில் விழுந்து அடைத்துக்கொண்டிருந்த மூடியை, ஒரு கான்கிரீட் பலகையை, கண்டிருந்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பியும் அது அசையவில்லை. பக்கத்திலேயே குடிதண்ணீர்க் குழாய் போனதால் உடைக்கவும் பயம்.

அந்தச் சந்தில் எங்கள் கடை வாடிக்கையாளர் ஒரு பெண்மணி இருந்தார். அவர்தான் என்னைக் கூப்பிட்டார். நான் முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு நடந்தே போய் அளந்தேன். வண்டிக்கு இரண்டு பக்கமும் முக்கால் சாண் மிஞ்சும் என்று தெரிந்ததும் போய் அதை ஓட்டிவந்தேன்.

வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் வண்டியைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார்.

"மாஷிமா, டிரைவர் எங்கே?" என்று வங்காளியில் கேட்டார். மாஷிமா என்றால் பெரியம்மா மாதிரி.

"உங்க முன்னாடிதான் நிக்கிறேன்."

"இந்தப் பொம்மையா கல்லைத் தூக்கப்போகுது?"

"முதல்ல உங்க பைக்கை எடுங்க. வழிய மறைக்குது."

கூலியாட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மேற்பார்வையாளர் பைக்கை எடுத்தார்.

பின்பக்கமாக வண்டியைச் சந்துக்குள் விட்டேன். பாதி முழுகிய வீட்டுப் படிகள், தண்ணீர்த் தொட்டிகள், துளசி மாடம் எல்லாம் வண்டியை ஒட்டி நழுவிப் போயின. குழியருகே நிறுத்தி, பின்னாலுள்ள இரண்டு தாங்கு கால்களையும் மரக்கட்டை மேல் இறக்கினேன். இருக்கையைத் திருப்பிக்கொண்டு குழியைப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கவாட்டில் கையைத் திருப்ப இடமில்லை. அதனால் அள்ளிய சேற்றை நேராக நீட்டி, குழிக்கு அந்தப்புறம் நின்ற மூன்று சக்கரச் சைக்கிள் வேனில் கொட்டினேன். குழாய் ஓரத்தில் மட்டும் ஆட்கள் கையால் சுரண்டினார்கள். மத்தியானத்துக்குள் பலகை முழுதாக வெளியே தெரிந்தது.

பலகையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் சங்கிலியைப் போட்டு, மறுமுனையைப் பக்கெட்டில் மாட்டச் சொன்னேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெதுவாக இழுத்தேன். சங்கிலி விறைத்தது. பலகை எழவில்லை. வண்டியின் முன்சக்கரங்கள்தான் எழுந்தன.

"சொன்னேனே," என்றார் மேற்பார்வையாளர்.

பயந்தேன் என்பது உண்மை. ஆனால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. சக்கரங்களைத் திரும்பத் தரையில் இறக்கிவிட்டுச் சொன்னேன்: "வண்டிக்கு முன்னாடி பாரம் பத்தல. அந்த வேன்ல இருக்கற சேத்த முன் தொட்டியில ரொப்புங்க. அப்புறம், பலகைய முழுசா தூக்க வேண்டாம். ஒரு விளிம்ப நிமித்திச் சுவத்தோட சாய்ச்சா போதும்."

சங்கிலியைப் பலகையின் ஒரே விளிம்புக்கு மாற்றினார்கள். ஆறு பேரும் சேற்றுக் கூடைகளை வண்டிக்கு மேலாகக் கைமாற்றி முன் தொட்டியை நிரப்பினார்கள். பிறகு மேற்பார்வையாளரும் ஒரு கூடையை எடுத்தார்.

இரண்டாம் முறை இழுத்தபோது எஞ்சின் உறுமியது, குறைந்தது, மறுபடி உறுமியது. நான் லிவரை ஒரு நூல் அளவுக்குத்தான் நகர்த்தினேன். முன்சக்கரங்கள் தரையிலேயே இருந்தன. பலகையின் விளிம்பு சேற்றிலிருந்து சப்தமிட்டுப் பிரிந்தது. நான்கு விரல், ஒரு சாண், ஒரு முழம். நிமிர்ந்து, குழியின் சுவரில் சாய்ந்து நின்றது. குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த நிமிடம் கீழே ஏதோ பெரிய தொண்டை திறந்த மாதிரி ஒரு ஓசை. ஆட்கள் மணல் மூட்டைகளை விலக்கியதும், சந்தில் தேங்கியிருந்த தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்க ஆரம்பித்தது. வாசற்படிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

மாடியிலிருந்து ஒரு பெண் சங்கை ஊதினாள். உடனே எல்லா ஜன்னல்களிலிருந்தும் குலவைச் சத்தம். இங்கே அதை உலு என்பார்கள். கல்யாணத்துக்கும் பூஜைக்கும் போடுவதை எனக்குப் போட்டார்கள். நான் எஞ்சினை அணைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டேன்.

சந்து முனையில் ஒரு கூட்டம். நடுவில் என் கணவர், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தார். தன் அரைகுறை வங்காளியில் பக்கத்தில் நின்றவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "முன்சக்கரம் ஏன் தூக்குச்சுன்னா, முன்னால பாரம் கம்மி. அதான் சேத்தை ரொப்பச் சொன்னா." ஒருவர் அவரிடம், நீங்கள் யார் என்று கேட்டார்.

"அவ வீட்டுக்காரன்," என்றார் அவர். அதை இரண்டு முறை சொன்னார்.

வண்டி வெளியே வரும்போது மேற்பார்வையாளர் முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கினார். மாஷிமா போய் தீதி, அதாவது அக்கா, ஆகியிருந்தேன். முனைக்கு வந்ததும் என் போன் நம்பரைக் கேட்டார். சேற்றுக் கையோடு நான் சொல்லச் சொல்ல, அவர் குறித்துக்கொண்டார். பூஜை முடிவதற்குள் அவரிடமிருந்து மூன்று சந்துகளுக்கு அழைப்பு வந்தது. மூன்றுக்கும் போனேன்.