கருவாட்டின் கண்ணிலும் ஒளி வைத்தவர்

ரமீஸா ராத்தா போய்விட்டார் என்ற செய்தி காலை ஏழு மணிக்கு, நான் கடையில் பாண் வாங்கிக்கொண்டு நின்றபோது வந்தது. அவருடைய தம்பியின் மனைவி ஷிஃபானாதான் அழைத்தார். "ஜெசி அக்கா, மதினி ஸுபஹு தொழுதிட்டு அப்படியே சாஞ்சிட்டா" என்றார். பாணை அங்கேயே விட்டுவிட்டுத் தில்லையடியில் இருந்த அவர் வீட்டுக்கு ஓட்டோ பிடித்தேன். மௌத்து வீட்டில் பெண்கள் இருந்த அறையில் எனக்கும் ஒரு கதிரை போட்டார்கள். வன்னியிலிருந்து வந்த வேதக்காரி, கிறிஸ்தவச்சி என்று அந்த வீட்டில் யாரும் என்னை ஒருநாளும் வேறாகப் பார்த்ததில்லை.

அன்று அஸர் தொழுகைக்கு முன்பே என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. எல்லாம் எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுத்த பெண்கள். அழுதார்கள், துஆ கேட்டார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அக்கா, ராத்தாட கம்ப்யூட்டர்ல என்ட படம் ஈக்குமா?"

அந்தக் கேள்வி ஏன் வந்தது என்பது எங்கள் கடையை அறிந்தவர்களுக்கு விளங்கும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் ராத்தாவும் பதினொரு வருடம் சேர்ந்து நடத்திய அந்த ஸ்டூடியோ பெண்களுக்கு மட்டுமானது. அவர் படம் எடுப்பார், நான் அலங்காரம் செய்வேன். பாஸ்போர்ட் படமும் எடுத்தோம். ஆனால் ராத்தாவின் பெயர் பரவியது வேறொன்றால். கறுப்பு வெள்ளைக் காலத்துச் சினிமா நாயகிகளின் படங்களில் முகம் நிலவு போலத் தெரியுமே, கூந்தலின் ஓரம் வெள்ளிக் கம்பியாக மின்னுமே, அந்த வெளிச்சத்தை அவர் இந்தக் காலத்து டிஜிட்டல் கமராவிலும் எல்ஈடி விளக்கிலும் திரும்பக் கொண்டுவந்தார். வெளியில் முக்காடு இல்லாமல் வாசற்படி தாண்டாத பெண்கள் அங்கே முடியை அவிழ்த்துவிட்டு ராணி மாதிரி இருந்தார்கள். படம் முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றி, பிரிண்டோடு ஒரே உறையில் போட்டுக் கொடுப்பார். "படமும் உனக்கு, கார்டும் உனக்கு. எனக்கு உன்ட சிரிப்பு போதும்" என்பார். அந்தப் படங்களில் முக்கால்வாசி இன்று புத்தளத்து அலுமாரிக் கதவுகளின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கார்டு அவர்களிடம் போனது உண்மை. ஆனால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித் திருத்தும் வேலை கம்ப்யூட்டரில்தானே நடந்தது? அதை நான் தொட்டதே இல்லை. "அவ அழிச்சிருப்பா, பிள்ளை" என்று ஒருத்தியிடம் சொன்னேன். "அழிச்சிருப்பா வேற, அழிச்சா வேற அக்கா" என்றாள். அவள் கேட்டதில் பிழையில்லை. அதற்குள் ராத்தாவின் தம்பி, அக்காவின் பேரில் ஸதகாவாக, தர்மமாக, அந்தக் கம்ப்யூட்டரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து எடுத்துப்போவார்களாம். மனுசன் எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்தார்! ஆனால் உள்ளே படங்கள் இருந்தால் அவையும் சேர்ந்தல்லவா பள்ளிக்கூடத்துக்குப் போகும்? வியாழன் பின்னேரம் எனக்கு ஒதுக்கித் தரும்படி ஷிஃபானாவிடம் கேட்டேன். அதுவரை இருந்த மூன்று நாட்களும் ராத்தாவை நினைத்து நினைத்துச் சிரிப்பதும் பயப்படுவதுமாகவே போயின.

முதலில் நினைவுக்கு வந்தது மீசைக் கதை. அந்தப் பழைய முறையில் விளக்கை முகத்துக்கு நேரே, நெற்றிக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும். அப்போது கன்ன எலும்பு எழும்பி நிற்கும், மூக்குக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி மாதிரிச் சின்ன நிழல் விழும். அந்த நிழல் சரியாக விழுந்தால் ராத்தா பெருநாள் பிறை கண்டவர் போலக் குதிப்பார். எங்கள் முதல் மணப்பெண்ணின் உம்மா படத்தைக் கையில் வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பிப் பார்த்தார். "அல்லாஹ்வே, என்ட மகளுக்கு மீசை முளைச்சீக்கி!" என்று ஒரு சத்தம். ராத்தா அரை மணித்தியாலம் வண்ணத்துப்பூச்சியை விளக்கினார். உம்மா அசையவில்லை. "பூச்சியோ என்னவோ, மாப்புள்ள வீட்டுக்கு மீசையோட அனுப்பேலா" என்றுவிட்டார்.

அந்த மீசையை எடுக்கக் கீழிருந்து கொஞ்சம் வெளிச்சம் திருப்பி அடிக்க வேண்டும். அதற்கென்று விற்கும் பலகைகளை ராத்தா ஒன்றொன்றாகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் பள்ளிவாசல்துறையிலிருந்து மீன் ஐஸ் போடும் வெள்ளை ரெஜிஃபோம் நுரைப் பெட்டியின் மூடி ஒன்றோடு வந்து நின்றார். மடியில் வைத்தால் முகம் பால் மாதிரி ஆனது, நிழல் மெலிந்தது, மீசை போயே போய்விட்டது. ஆனால் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் சூடை மீன் வாசம் மட்டும் போகவில்லை. பட்டுச் சேலையும் மல்லிகைப்பூவுமாக இருந்த பெண்கள் மூக்கைச் சுழிக்கக் கூடாது என்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் கழுத்து நிமிர்ந்தது, தோள் இறங்கியது. "பாத்தியா ஜெசி, அந்தக் கால நடிகையளுக்கும் இப்பிடித்தான் ஏதாவது நாறியிருக்கும்" என்றார் ராத்தா.

டிஜிட்டல் கமராவோடு அவருக்கு ஓயாத சண்டை. "இது கோள் சொல்ற மாமி. முகத்தில உள்ள ஒரு குழியையும் விடாது" என்று திட்டுவார். வில்லைக்கு முன்னால் மெல்லிய வலை கட்டினால் படம் மிருதுவாகும் என்று எங்கோ பார்த்துவிட்டு, நுளம்பு வலை, வெங்காயப் பை என்று ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் நான் மாதா கோயிலில் என் கலியாணத்துக்குத் தலையில் போட்ட வெள்ளை வலைத் துணியான வேலிலிருந்து உள்ளங்கை அளவு துண்டை வெட்டிக் கொடுத்தேன். அது அப்படிப் பொருந்தியது! பதினொரு வருடமாக இந்த ஊர் நிக்காஹ் பெண்கள் எல்லோரையும் ஒரு வேதக்காரியின் வேலுக்குள்ளால்தான் கமரா பார்த்திருக்கிறது. இதை இன்றுதான் வெளியில் சொல்கிறேன்.

என் பிழைகளும் இல்லாமலில்லை. பழைய படங்களில் இமைகள் பளபளக்கும். அதற்கு இமையின் மேல் வாஸலின் துளி தடவ வேண்டும். ஒருநாள் அவசரத்தில் தலையிடிக்குப் பூசும் பாமைத் தடவிவிட்டேன். இரண்டு போத்தலும் ஒரே அளவு, என்ன செய்ய? உச்சமுனையிலிருந்து வள்ளமேறி வந்திருந்த பெண், பாவம், கண்ணீர் பொலபொலவென்று கொட்ட இருந்தாள். நான் துணியைத் தேடி ஓட, ராத்தா "நில்லு, தொடாத!" என்று கத்திக்கொண்டு படம் எடுத்துத் தள்ளினார். கண்ணுக்குள் விளக்கு இரண்டு மடங்காக மின்னிய அந்தப் படம் மாதிரி இன்னொன்று எங்கள் கடையில் வரவில்லை. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, தன் தங்கையையும் கூட்டி வந்தாள். "எனக்குப் போட்ட அந்த எரியுற மருந்த இவளுக்கும் போடுங்க" என்றாள்.

படம் எதுவும் கடையில் தங்காது என்றால் புதிதாக வருபவர்களுக்கு மாதிரி என்று எதைக் காட்டுவது? இந்தச் சிக்கல் எங்களை நெடுநாள் வாட்டியது. ராத்தா ஒருநாள் சந்தைக்குப் போய் முழுச் சீலாக் கருவாடு ஒன்று வாங்கி வந்தார். கறுப்புத் துணிக்கு முன்னால் அதை நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு விளக்கு, பின்னால் ஒரு விளக்கு, கீழே ஐஸ் பெட்டி மூடி என்று ஒன்றரை மணித்தியாலம் செலவழித்தார். செதில் ஓரமெல்லாம் வெள்ளி. காய்ந்த கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினார், அதிலும் ஒளி வந்து உட்கார்ந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து வாசலில் மாட்டினோம். பார்த்தவர்களெல்லாம் நின்றார்கள். "கருவாட்டையே இவ்வளவு வடிவா எடுத்தீக்கிறா, என்னய எப்பிடி எடுப்பா!" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை.

தலையை மூடியபடியே படம் எடுக்க விரும்பியவர்களும் வந்தார்கள். கூந்தலுக்குப் போடும் பின்விளக்கை முக்காட்டுக்கு எப்படிப் போடுவது என்று ராத்தா ஒரு மாதம் மண்டையை உடைத்தார். பருத்தி வெளிச்சத்தைக் குடித்துவிடும், சாட்டின் கக்கிவிடும். கடைசியில் தன்னுடைய பழைய பட்டுச் சால்வை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் மடிப்புகளில் வெளிச்சம் வழிந்து ஓடியது. "முடி இருந்தாத்தான் அழகெண்டு ஆர் சொன்னது? வெளிச்சத்துக்கு விழுறதுக்கு ஒரு இடம் வேணும், அவ்வளவுதான்" என்றார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து சிறுமியாக, கையில் ஒரு படம்கூட இல்லாமல் வந்தவர் அவர். அதைப் பற்றி அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் யாருடைய படத்தையும் அவர் அலட்சியமாகத் தொட்டதையும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு அந்தப் பயம் வந்தது. இப்படிப்பட்ட ஒருவருக்குத் தான் எடுத்த அருமையான படங்களை அழிக்க மனம் வந்திருக்குமா?

வியாழன் பின்னேரம் ஷிஃபானாவும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தோம். கடவுச்சொல் எனக்குத் தெரியும். ராத்தா அதை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லித்தான் தட்டுவார். திரை திறந்தது. வரிசை வரிசையாகப் பெண்களின் பெயர்கள். கீழே போகப் போக முடிவே இல்லை. அத்தனை பேரும், அந்த உச்சமுனைப் பெண்ணும், மீசைக் கதை மணப்பெண்ணும், எல்லோரும் இருந்தார்கள்.

"யா அல்லாஹ், அழிக்கல்லியே" என்றார் ஷிஃபானா. நான் முதல் பெயரைத் திறந்தேன்.

உள்ளே ஒரே ஒரு படம். அதில் இருந்தது நான்.

அடுத்ததைத் திறந்தேன். அதிலும் நான். அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு பெண்ணும் வருமுன் விளக்கைச் சரிபார்க்க என்னைத்தான் அந்தக் கதிரையில் இருத்தி ஒரு படம் எடுப்பார். அதை மட்டும் அந்தப் பெண்ணின் பெயரில் வைத்து, கீழே அவளுக்குப் போட்ட விளக்கின் கணக்கை எழுதியிருக்கிறார். "மேல் விளக்கு இரண்டு முழம். இடக் கன்னத்தில் கூச்சம், திருப்ப வேண்டாம். பட்டுச் சால்வை." இப்படி. அவர்கள் மறுபடி வந்தால் அதே வெளிச்சத்தைக் கொடுப்பதற்காக. அவர்களுடைய முகங்களில் ஒன்றையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். வாயில் சீப்போடு நான், மீன் வைத்த மாலு பணிஸ் சாப்பிடும் நான், கொட்டாவி விடும் நான். போகப் போக என் நரை கூடியது. அதற்கும் ராத்தா பின்னால் விளக்குப் போட்டு வெள்ளியாக்கியிருந்தார். ஷிஃபானா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஊர்ப் பொம்புளையள் எல்லாருக்கும் ஒங்கட முகம்தான் அக்கா!" என்றார்.

அன்று பின்னேரமே ஒவ்வொருவருக்கும் அழைத்தேன். "பாத்திட்டன் பிள்ளை. நீர் இல்லை. உம்மட பெயரில நான்தான் இருக்கிறன்" என்றேன். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள், ஒருத்தி "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமை சுத்தமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. என் அழைப்பு எட்டாத யாராவது இதை வாசித்தால், நிம்மதியாக இருங்கள். ராத்தா வாக்கைக் காப்பாற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

படம் கதிரையில் இருந்தவளுக்கு என்பது எங்கள் கடைச் சட்டம். ஆகவே அத்தனை படங்களையும் ஒரு கார்டில் ஏற்றி நான் எடுத்துக்கொண்டேன். அவற்றை இப்போதும் இடைக்கிடை பார்க்கிறேன். ஒரு படத்திலும் நான் கமராவைப் பார்க்கவில்லை. எல்லாப் படத்திலும் அதற்குச் சற்று மேலே, ராத்தாவின் முகம் இருந்த இடத்தைப் பார்த்து ஏதோ கதைத்துக்கொண்டிருக்கிறேன்.