ஹேர்பின் குத்திய காது

சிதம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவு வராந்தாவில், நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. அவர் என் இடது பக்கம் நின்றிருந்தார். எரிச்சலில் அவர் கத்திய பிறகு, வலது பக்கம் உட்கார்ந்திருந்த உம்மா என் கையைக் கிள்ளினார்.

"ஜமீலா, கூப்புடுறாங்க பாரு. எந்திரி."

காது கேட்காததால்தான் இவள் இங்கே வந்திருக்கிறாள் என்று அந்த நர்ஸுக்குத் தோன்றவே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

முந்தின நாள் மாலையிலிருந்து இடது காதுக்குள் குக்கர் விசில் போல ஒரு சத்தம் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் நிஜமாகவே அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பில் குக்கரே இல்லை. டின்னிடஸ் (வெளியே சத்தம் எதுவும் இல்லாதபோதும் காதுக்குள் கேட்கும் இரைச்சல்) என்ற சொல் எனக்குத் தெரியும். நான் டி.ஃபார்ம் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு சிதம்பரம் மேலவீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலையும் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

உம்மா முந்திக்கொண்டார். "ஹேர்பின்ன வச்சு காது கொடஞ்சிருக்கா டாக்டர். சொன்னா கேட்டாத்தான?"

நான் தலையாட்டினேன். அதோடு விட்டேனா? "கொஞ்சம் ஆழமா போயிடுச்சு டாக்டர்" என்று என் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தேன். கடைக்கு வந்த எத்தனையோ பேரிடம், காதில் ஹேர்பின்னை விடாதீர்கள் என்று புத்தி சொன்னவள் நான்.

டாக்டர் உம்மாவைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களாம்மா?"

"பரவால்ல டாக்டர், நா இருக்கேன்" என்றார் உம்மா.

செவிப்பறை (நடுக்காதை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது, ஓட்டை சின்னதுதான், பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிவிடும் என்றார் டாக்டர். காதில் தண்ணீர் படக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது, காற்று உள்ளிருந்து போய்க் கிழிசலைத் திறந்துவிடும். நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். மூக்கைச் சிந்தாமல் அழுது பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சில நாள் அதற்குப் பயந்தே அழுகையை அடக்கினேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி ஹேர்பின் குத்தியிருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பரங்கிப்பேட்டை. எங்கள் வழக்கத்தில் கல்யாணமான பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். வீட்டைப் பெண்ணுக்கென்றே கொடுத்துவிடுவார்கள். என்னோடு படித்த பெண்களுக்கெல்லாம் இதில் பொறாமை. "ஒனக்கு என்னடி, அம்மா வீட்லயே ராணியாட்டம் இருக்கப் போற" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடி வாங்குகிற பெண்ணுக்கு ஊரில் எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, அம்மா வீட்டுக்குப் போய்விடு என்பது. நான் எங்கே போவேன்? எனக்கு அடி விழுந்ததே அம்மா வீட்டில்தான். கீழே உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். வாப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். மாடியில் ஏசி போட்ட மாப்பிள்ளை அறையில் எனக்கு விழும். வாப்பா டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். பெண் வீட்டில் வந்து தங்கியிருக்கும் மாப்பிள்ளையின் மனம் கோணக் கூடாது. அவர் கோபித்துக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டால், தலைக்குனிவு எங்களுக்குத்தான்.

அவர் என்று எழுதுகிறேன். மரியாதை ஒன்றும் இல்லை, பழக்கம் விடவில்லை. சவூதியிலிருந்து திரும்பி வந்து சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். நான் வேலைக்குப் போவது அவருக்குக் கௌரவக் குறைவு என்பதால் கல்யாணமான மாதமே நின்றுவிட்டேன்.

காது கிழிந்த அன்று அவருடைய நண்பர் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். ஆன்டிபயாட்டிக் மாத்திரையை இரண்டு நாள் சாப்பிட்டேன், காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டேன் என்று நண்பர் பேச்சுவாக்கில் சொன்னார். டீ கொடுக்கப் போன நான், "அப்படிப் பாதியில நிறுத்தாதீங்க, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்புடுங்க" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. நண்பர் போனதும் மாடியில் கேள்வி வந்தது. "நீ என்ன பெரிய டாக்டரா?" பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் காதோடு சேர்த்து அறை விழுந்தது.

மறுநாள் காலை உம்மா அவருக்கு இடியாப்பமும் பாயாவும் வைத்தார். அதன் பிறகுதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் சொன்னார், "சபுரா இரும்மா (பொறுமையாக இரு). நீ வாயக் கொறச்சா அவரு கையக் கொறப்பாரு." உம்மா என்னை நேசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நேசித்தார். அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

ஓட்டை மூடிக்கொண்டுதான் வந்தது. தொழுகைக்கு ஒளு (தொழுமுன் கை கால் முகம் கழுவுதல்) செய்யும்போது காதின் உள்மடிப்பை ஈர விரலால் தடவ வேண்டும். இடது காதுக்கு விரலைக் கொண்டுபோவேன், பயந்து எடுத்துவிடுவேன். அந்தக் காதை ஒரு கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒருநாள், சட்டை தேய்த்தது சரியில்லை என்று அதே இடத்தில் இன்னொரு அறை விழுந்தது. சில நாளில் காதிலிருந்து சீழ் வந்தது. தலையணை உறை நாறியது. அதை உம்மா தானே துவைத்துப்போட்டார், என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இந்த முறை டாக்டர் உம்மாவிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்புத்திறன் சோதனைக்கு ஆள் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி என்னை உள்ளே அனுப்பிவிட்டார்.

ஆடியோமெட்ரி (எவ்வளவு மெல்லிய சத்தம் வரை காதுக்குக் கேட்கிறது என்று அளக்கும் சோதனை) என்றால், சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். சோதனை செய்தவர் ஒரு இளம்பெண். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனைக் கழற்றச் சொன்னார்.

"அக்கா, வலது காது நல்லாத்தான் இருக்கு. அதுலயும் ஏன் லேட்டா தூக்குறீங்க?"

"சரியாக் கேட்டப்புறம் தூக்கலாம்னு."

"சந்தேகமா இருந்தாலும் தூக்குங்க. தப்பாத் தூக்குனா ஒண்ணும் ஆயிடாது."

தப்பாத் தூக்கினால் ஒன்றும் ஆகாது. அந்தப் பெண் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டிவிட்டார். உள்ளே சத்தம் வந்துகொண்டிருந்தது, நான் கையைத் தூக்காமல் அழுதுகொண்டிருந்தேன். மூக்கைச் சிந்தவில்லை.

பிறகு டாக்டர் அறையில் தனியாக உட்கார்ந்து சொன்னேன். "ஹேர்பின் இல்ல டாக்டர்."

"தெரியும்மா" என்றார் அவர். "போலீஸுக்குச் சொல்லணுமா?"

"இப்ப வேணாம் டாக்டர்."

"சரி. எப்ப வேணும்னாலும் சொல்லு. நா பாத்தத நா சொல்றேன்." பிறகு காதுக்கு வந்தார். இந்த ஓட்டை இனித் தானாக மூடாது. மருந்தில் சீழ் நின்ற பிறகு டிம்பனோபிளாஸ்டி (கிழிந்த செவிப்பறைக்கு ஒட்டுப்போடும் அறுவை சிகிச்சை) செய்ய வேண்டும். காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய உறையில் ஒரு துண்டு எடுத்து ஒட்டுவார்கள். "ஒட்டு நல்லாத்தான் புடிக்கும். ஆனா இன்னொரு அடி தாங்காது" என்றார். கேட்பது முழுதாகத் திரும்பும் என்று அவர் உறுதி சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து, தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டுப் படுத்திருந்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று வாப்பா ஆட்டோ பிடித்து வந்தார். நான் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

"அவரு மொதல்ல அங்கேருந்து கெளம்பட்டும் வாப்பா. அப்புறம் நா வர்றேன்."

"மாப்பிள்ளய எப்படிம்மா போகச் சொல்றது? ஊரு என்ன சொல்லும்?"

"அது என் வீடுதான? என் பேர்ல எழுதுன வீடுதான?"

வாப்பா தரையைப் பார்த்தார். உம்மா என் துணிப்பையின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். என் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியது நான்தான் என்று அப்போது புரிந்தது.

டி.ஃபார்மில் என்னோடு படித்த சுமதிக்கு போன் செய்தேன். பெண்ணாடத்துப் பெண். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள், அங்கேயே ஒரு அறையில் தங்கியிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "பஸ்ஸு ஜன்னலோரமா ஒக்காராத, காத்தடிக்கும். வந்து சேருடி" என்றாள்.

தன்னம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சூரியன் உதிக்கும் படம் போட்டுக் காலையில் வாட்ஸப்பில் அனுப்புவார்களே, அதுவல்ல நான் சொல்ல வருவது. காயம் ஆறிய பிறகு சுமதி அவள் கடையிலேயே என்னைச் சேர்த்துவிட்டாள். டாக்டர் சீட்டில் இருக்கும் மருந்து எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டி, "இதுதான?" என்று கேட்பேன். வாடிக்கையாளர் எதையாவது சுட்டிக்காட்டக் கையை ஓங்கினால் போதும், தோள் தானாகக் காதுவரை ஏறிவிடும். ஒரு பெரியவர் பயந்துபோய் மன்னிப்பே கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

சுமதி ஒருநாள் சொன்னாள். "இனிமே என்னக் கேக்காத. தப்பாக் குடுத்தா நா கத்துவேன். அவ்ளோதான்."

அவள் கத்தினாள்தான். ஒருநாள் குழந்தைக்கான சிரப்பில் நான் வேறு அளவு பாட்டிலை எடுத்துவிட்டேன். கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். பிறகு மதியம் தன் டப்பாவிலிருந்து எனக்கு வறுத்த மீன் வைத்தாள். கத்தலுக்குப் பிறகு மீன் வரும் இடத்தில்தான் மனுஷி பிழைக்க முடியும். எனக்கு அது மெதுவாகத்தான் பழகியது. இன்னொரு நாள் ஒருவர் இடது பக்கம் நின்று மருந்து கேட்டுக் கேட்டுச் சலித்து, "ஏம்மா, செவுடா?" என்றார். "ஆமாங்க, அந்தப் பக்கம் மட்டும். இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றேன். அவர் வந்து சொன்னார். சுமதி ரேக்குக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்டுப் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குப் போனபோது, ஒரு பெரியவர் அக்கறையாக விசாரித்தார். "ஆபரேசன் பண்ணி சரியாயிடுச்சாம்லம்மா? அப்புறம் என்ன?"

"காதுதான் சரியாச்சு மாமா. அவரு கை அப்படியேதான் இருக்கு" என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் என் வீட்டு மாடியில் ஏசியில் இருந்தார். உம்மா அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் ஒருநாள் வாப்பா கடலூர் கடைக்கு வந்தார். குடையை மடக்கத் தெரியாதவர்போல வாசலிலேயே நின்றார்.

"அனுப்பிட்டேம்மா. அவன் சாமானையெல்லாம் ஏத்தி அனுப்பிட்டேன். ஜமாஅத்துலயும் பேசிட்டேன், எழுதிக் குடுத்துடுவாங்க."

"என்ன ஆச்சு வாப்பா?"

"என் சட்டையப் புடிச்சிட்டாம்மா. கரண்ட் பில்லு பேச்சு வந்துச்சு. என் ஊட்லயே, என் சட்டையப் புடிச்சிட்டான்."

அன்றைக்கே ஊர் கூடியிருக்கிறது. அன்றைக்கே தீர்ப்பும் ஆகியிருக்கிறது.

"என் காதக் கிழிச்சப்ப, வாப்பா?"

அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க வாப்பா. அந்தக் காதுல சரியா விழாது" என்றேன். கவுண்டரைச் சுற்றி வலது பக்கம் வந்தார். மறுபடி சொல்ல அவரால் முடியவில்லை. கடையில் நாலு பேர் பார்க்க அழுதார். என் காதின் விலை ஒரு சட்டைக் காலருக்கும் கீழே என்று எனக்குத் தெரிந்த நாள் அது. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். மன்னிக்கவில்லை, இன்றுவரை.

வீடு காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று உம்மா ஒவ்வொரு போனிலும் சொல்கிறார். பெருநாளுக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், திரும்பி வருகிறேன். மாடிக்கு ஏறுவதில்லை.

கடைசியாகச் சோதனைக்குப் போனபோது அதே பெண்தான் ஹெட்போன் மாட்டிவிட்டார். லேசாக ஏதோ கேட்டது போலிருந்த போதெல்லாம் கையைத் தூக்கினேன். "அக்கா, நா சத்தமே குடுக்கலையே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒட்டு பிடித்துவிட்டது. கேட்பது முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. குக்கர் விசில் மட்டும் அவ்வப்போது வரும், அது போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர்.

பரங்கிப்பேட்டை வீட்டில் நான் எப்போதும் இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பேன், கெட்ட காது தலையணையில் இருக்கும்படி. நல்ல காது மேலே இருந்தால்தான் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். எழுந்து முகத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். தூக்கம் என்பதே எனக்கு அந்தப் படிகளை எண்ணுவதுதான் என்றிருந்தது.

போன ஞாயிறு மதியம் கடலூரில் என் அறையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். சுமதி வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டு ஓனரிடம் மாற்றுச்சாவி வாங்கித் திறந்து, பதறிப்போய் என்னை உலுக்கி எழுப்பினாள். "எவ்ளோ நேரமா தட்டுறேன், செத்துட்டியோன்னு பயந்துட்டேன்டி!" என்று கத்தினாள். ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. மணி என்னவென்று எனக்குத் தெரியவில்லை. என் வலது கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. நான் நல்ல காதின்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.