சாமுவேல் பேர் சொல்லாத நண்பன்

பெங்களூரு ஒக்கலிபுரத்தில் எங்கள் கூரியர் கிடங்கில் காலை பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கீதா போன் செய்தாள். "ஏங்க, டிவி பாத்தீங்களா? நம்ம சாமுவேல் போயிட்டாராம். நெஞ்சுவலியாம்." சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. 'படுபாவி, இதிலும் எனக்கு முன்னால் போய்விட்டானே' என்றுதான் தோன்றியது. காக்ஸ் டவுன் நண்பர்களே, அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் இத்தனை வருஷமும் அவனைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அதை மறைத்துவிட்டு எழுதினால் அவனே எழுந்து வந்து சிரிப்பான்.

உங்களுக்கு அவன் நடிகன். கன்னடப் படத்தில் திருதிருவென்று முழிக்கும் கான்ஸ்டபிள். தமிழ்ப் படத்தில் கதாநாயகனுக்குத் தப்புத் தப்பாக யோசனை சொல்லும் ஆட்டோக்காரர். எனக்கு அவன் கல்லூரியில் பக்கத்து பெஞ்ச். இரண்டு குடும்பமும் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவை, இரண்டு அப்பாக்களும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். சேர்ந்து ராப் பாட ஆரம்பித்தோம். 'தங்கம் வெட்டின கை எங்கப்பா கை, தங்கம் ஏறாத கழுத்து எங்கம்மா கழுத்து' என்ற வரி உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அது நான் எழுதியது. நான் பாடினால் கைதட்டுவார்கள். அதையே அவன் பாடினால் எழுந்து நிற்பார்கள். ஒரே வரி, ஒரே மைக். இது என்ன அநியாயம் என்று நான் பொருமாத நாள் இல்லை.

கேட்டால், "நீ அடுத்த வரிய நெனச்சிக்கினே பாடுற மச்சா. நான் முன்னாடி நிக்கிறவன் மூஞ்சியப் பாத்துப் பாடுறேன். அவ்ளோதான்" என்பான். அவ்வளவுதானாம்!

பிரேசர் டவுனில் ஒரு கல்லூரி விழா. பாட்டின் நடுவில் இசை நின்றுவிட்டது. பென் டிரைவ் மக்கர் செய்தது. மேடையிலிருந்து குதித்து சவுண்ட் பார்ப்பவரிடம் ஓடினேன். பிடுங்கி, ஊதி, திரும்பச் சொருகிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது. சாமுவேல் சும்மா நிற்க முடியாமல் பேச ஆரம்பித்திருந்தான். "என் ஃப்ரெண்ட் ஒருத்தன் இருக்கான் பாருங்க. எது கெட்டாலும் ரிப்பேர் பண்ண ஓடுவான். அவன் கல்யாணத்துல ஐயரோட மைக் கட்டாயிடுச்சு. தாலிய ஐயர் கையிலயே திருப்பிக் குடுத்துட்டு, 'சாமி, நீங்க கன்டினியூ பண்ணுங்க, தோ வந்துடுறேன்'னு கெளம்பிட்டான்!" எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் இசையைச் சரிசெய்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபோது ஒருத்தருக்கும் பாட்டு வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிடத்தில் அவன் காமெடியன் ஆகிவிட்டான். நான் ரிப்பேர்காரன் ஆகிவிட்டேன்.

அப்புறம் அவன் போன மேடையெல்லாம் அந்த 'ஃப்ரெண்ட் ஒருத்தன்' கூடவே போனான். அந்த மேடைகளைப் பார்த்துத்தான் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். ஒருமுறை பேக்கரியில் டீ குடிக்கும்போது கேட்டேவிட்டேன். "முரளின்னு ஒரு தடவ பேரச் சொல்லேன்டா. என்ன கொறஞ்சிடும்?"

"பேரு சொன்னா உன்னப் பாத்து சிரிப்பாங்க. சொல்லலன்னா அவனவன் ஃப்ரெண்ட நெனச்சி சிரிப்பான். எது பெருசு?" என்றான். நல்ல மழுப்பல் என்று நினைத்துக்கொண்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அவனுடைய முதல் படத்துக்குக் கீதாவைக் கூட்டிப்போனேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எங்கூடப் பேசி என்னிக்காவது இப்படிச் சிரிச்சிருக்கியா?" என்று கேட்டேன். "நீங்க என்னிக்குங்க சிரிக்கிற மாதிரி பேசினீங்க?" என்றாள். மறுநாள் அவன் போன் செய்தான். படம் எப்படி என்று கேட்டதற்கு, "பரவால்ல" என்றேன். "நீயே பரவால்லன்னுட்டியா? அப்ப படம் ஹிட்டு மச்சா. உன் வயித்தெரிச்சல்தான் எனக்கு ரிவ்யூ" என்று சிரித்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு படத்துக்கும் முதல் போன் எனக்குத்தான் வந்தது.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஹால் நிறைய ஆட்கள் என் பேச்சுக்குச் சிரிக்க வேண்டும். அவன் கீழே உட்கார்ந்து அதைப் பார்த்துப் புழுங்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். முதலில் பேசியவர் எங்கள் கல்லூரிக்காரர். "சாமுவேல் எப்பவும் சொல்ற அந்த ஃப்ரெண்ட் நான்தான்" என்று சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து ஜிம் வைத்திருப்பவர். அவரும் நான்தான் என்றார். மூன்றாவதாக ஒரு துணை நடிகர். நாலாவது ஆள் அந்தத் தாலிக் கதையையே தன் கல்யாணத்தில் நடந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்! எனக்கு ரத்தம் கொதித்தது. எழப்போனவனைக் கீதா தொடையில் கிள்ளி உட்காரவைத்தாள். "சும்மா இருங்க. துக்கத்துக்கு வந்த எடத்துல சண்ட போடாதீங்க."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மைக்கைப் பிடித்ததும் ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. அடுத்த வரியை நினைக்க முடியாமல் முன்னால் இருந்த முகங்களைப் பார்த்தேன். நிஜமாகவே, மனசார, "எல்லாரும் மன்னிக்கணும். அந்த ஃப்ரெண்ட் நான்தான்" என்றேன்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், ஹால் முழுக்கப் பற்றிக்கொண்டது. அந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். ஃபாதர் சிரித்தார். மூன்று நாளாக அழுது வீங்கிய முகத்தோடு சாமுவேலின் மனைவி ரீனா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அண்ணா, அவரு இருந்திருந்தா இத அடுத்த ஷோல போட்டிருப்பாரு" என்றாள்.

போட்டிருப்பான். என் பேரைச் சொல்லாமல் போட்டிருப்பான்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவன் முகத்தைத் தேடி முன்வரிசையைப் பார்த்தேன். எப்படிப் புழுங்குகிறான் என்று பார்க்க வேண்டாமா? அப்புறம்தான் உறைத்தது. மேடையிலேயே நின்று அழுதேன். அதையும் நடிப்பென்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஹாலில் கிடைத்த அந்த ஒரு சிரிப்பைத்தான். யார் கேட்டாலும் பங்கு கிடையாது. நீ இருந்து பார்த்து வயிறெரிஞ்சிருக்கணும்டா, சாமுவேல்.